மறதிநோய்ப் பராமரிப்பும் ஸ்பானிய மொழிக் கல்விக் காணொளிகளும்: ஒரு வரலாறு

டிமென்ஷியா எனப்படும் மறதிநோயால் பாதிக்கப்பட்ட முதியோரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் ஸ்பானிய மொழிக் குடும்பங்களுக்காக, குறிப்பாக அமெரிக்க ஐக்கிய நாட்டில் வாழும் லத்தீன் அமெரிக்க வம்சாவளிக் குடும்பங்களுக்காக, கடந்த முப்பது நாற்பது ஆண்டுகளில் பலவகைக் கல்விப் பொருள்கள் உருவாக்கப்பட்டுள்ளன. துண்டுப் பிரசுரத்தில் தொடங்கிய இம்முயற்சி, வீடு தேடிச் சென்று கற்பித்தல், புகைப்படக் கதை நூல் ஆகியவற்றைக் கடந்து இணையக் காணொளிகளை வந்தடைந்தது. ஆங்கிலத்தில் உள்ளதை ஸ்பானிய மொழியில் பெயர்த்துக் கொடுத்தால் போதும் என்ற எண்ணம் கைவிடப்பட்டு, அம்மக்களிடம் முன்பே வேரூன்றியிருந்த கதை வடிவங்களின் வழியாகக் கற்பிக்கும் முறை வளர்ந்ததே இந்த வரலாற்றின் சாரம்.

நோயும் வீடும்

மறதிநோய் என்பது ஒரே ஒரு நோயின் பெயர் அன்று. நினைவாற்றல், சிந்தனை, மொழி, அன்றாட வேலைகளைச் செய்யும் திறன் ஆகியவற்றைப் படிப்படியாகக் குறைக்கும் பல நோய்களுக்கான பொதுப்பெயர் அது. அவற்றுள் மிகுதியாகக் காணப்படுவது அல்சைமர் நோய். செருமானிய மருத்துவர் அலோயிஸ் அல்சைமர் 1906ஆம் ஆண்டு இதைப் பற்றி முதன்முதலில் மருத்துவர் கூட்டம் ஒன்றில் எடுத்துரைத்தார். 2021ஆம் ஆண்டில் உலகெங்கும் சுமார் 5 கோடியே 70 லட்சம் பேர் மறதிநோயுடன் வாழ்ந்ததாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

இந்நோயை முற்றிலும் குணப்படுத்தும் மருந்து இதுவரை இல்லை. ஆகவே நோயாளியின் நாள்கள் எப்படிக் கழிகின்றன என்பதைப் பெரிதும் தீர்மானிப்பவர்கள் உடனிருந்து பார்த்துக்கொள்பவர்களே. ஒரே கேள்வியை நூறு முறை கேட்பது, குளிக்க மறுப்பது, மாலை நேரத்தில் பதற்றமடைவது, வீட்டை விட்டு வெளியேறி வழி தவறுவது, பெற்ற மகளையே யாரென்று கேட்பது போன்றவற்றை எதிர்கொள்ள எந்தக் குடும்பமும் முன்கூட்டியே பயிற்சி பெற்றிருப்பதில்லை. பல ஆண்டுகள் நீளும் இந்தப் பணி பார்த்துக்கொள்பவரின் உடலையும் மனத்தையும் ஒருசேரத் தளரச் செய்கிறது. அவர்களிடையே மனச்சோர்வு மிகுதி என்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன.

1990ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அமெரிக்க ஐக்கிய நாட்டில் ஹிஸ்பானிய மக்கள் சுமார் 2 கோடியே 24 லட்சம் பேர். 2020ஆம் ஆண்டில் அவர்கள் தொகை 6 கோடியே 21 லட்சமாக உயர்ந்தது. மெக்சிகோ, போர்த்தோ ரிக்கோ, கியூபா, டொமினிக்கன் குடியரசு, எல் சால்வதோர் எனப் பல நாடுகளில் வேர் கொண்ட இம்மக்களில், தொழிலாளராகக் குடிபெயர்ந்து வந்த தலைமுறையினர் முதுமை அடைந்தபோது மறதிநோயும் வீடுகளுக்குள் நுழைந்தது. வெள்ளை இன முதியோரைவிட ஹிஸ்பானிய முதியோருக்கு இந்நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு என்று அமெரிக்க அல்சைமர் சங்கம் மதிப்பிடுகிறது. நீரிழிவு, இரத்த அழுத்தம், கல்வி வாய்ப்பின்மை, மருத்துவ வசதிக் குறைவு ஆகியவை இதற்கான காரணங்களாகச் சொல்லப்படுகின்றன.

பெயரிலேயே தொடங்கிய சிக்கல்

ஸ்பானிய மொழியில் இந்நோய்க்கு 'தெமென்சியா' என்று பெயர். அதே வேரிலிருந்து வரும் 'தெமெந்தே' என்ற சொல்லுக்குப் பேச்சு வழக்கில் பைத்தியக்காரர் என்று பொருள். மருத்துவர் சாதாரணமாகச் சொல்லும் ஒரு கலைச்சொல், குடும்பத்தாரின் காதில் 'உங்கள் அம்மாவுக்குப் பைத்தியம்' என்று விழுகிறது. பெயரே அவமானத்தைத் தருவதால் நோயை அயலாரிடம் மறைப்பதும், மருத்துவரிடம் போகாமல் தள்ளிப்போடுவதும் நடந்தன. வேறு பல குடும்பங்களில் 'வயதானால் எல்லாருக்கும் வருவதுதான்' என்ற எண்ணம் நிலவியது.

கொலம்பியாவின் அந்தியோக்கியா மலைப்பகுதி இதற்கு ஒரு தனிச் சான்று. அங்கு ஒரு மரபணு மாற்றத்தின் காரணமாக, நாற்பதுகளின் நடுவிலேயே அல்சைமர் நோய் தோன்றும் பெரிய குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்கின்றன. அந்நோயை ஊரார் 'லா போபேரா', அதாவது 'மந்தம்' என்று அழைத்தனர். செய்வினை, சாபம் போன்ற விளக்கங்களும் வழங்கின. 1980களிலிருந்து நரம்பியல் மருத்துவர் பிரான்சிஸ்கோ லொப்பேரா இக்குடும்பங்களைத் தேடிச் சென்று ஆராய்ந்தார். இது பரம்பரை நோய், யாருடைய பாவமும் அன்று என்று அவர்களுக்கு விளங்கவைப்பதும் அந்த ஆய்வுப் பணியோடு சேர்ந்தே நடந்தது.

இன்னொரு சிக்கல் குடும்ப அமைப்பில் இருந்தது. முதியோரைக் குடும்பமே காக்க வேண்டும் என்பது லத்தீன் அமெரிக்கச் சமூகங்களின் ஆழ்ந்த பண்பு. ஆய்வாளர்கள் இதை 'ஃபமிலிஸ்மோ' என்று குறிப்பிடுகின்றனர். இது பெரும் பலம். ஆனால் நடைமுறையில் 'குடும்பம்' என்பது பெரும்பாலும் ஒரு மகள் அல்லது ஒரு மருமகளாகச் சுருங்கிவிடுகிறது. பிற உடன்பிறப்புகள் எட்டிப் பார்ப்பதோடு நின்றுகொள்ள, அந்த ஒருத்தி வேலையையும் உடல்நலத்தையும் இழக்கிறாள். உதவி கேட்பது கடமையில் தவறுவதற்குச் சமம் என்று அவளே எண்ணவும் செய்கிறாள். பின்னாளில் வந்த எல்லா நல்ல காணொளிகளும் இந்த முடிச்சையே அவிழ்க்க முயன்றன.

மொழிபெயர்ப்பிலிருந்து சமூகப் பணிக்கு

மறதிநோய்ப் பராமரிப்பு பற்றிக் குடும்பத்தாருக்காக எழுதப்பட்ட நூல்களில் புகழ்பெற்றது 1981ஆம் ஆண்டு நான்சி மேஸ், பீட்டர் ராபின்ஸ் ஆகியோர் வெளியிட்ட நூல். பார்த்துக்கொள்பவருக்கு ஒரு நாள் என்பது 36 மணி நேரம் போல நீள்கிறது என்பதை உணர்த்தும் தலைப்பைக் கொண்ட அந்நூல் ஸ்பானிய மொழியிலும் வந்தது. அல்சைமர் அமைப்புகளின் துண்டுப் பிரசுரங்களும் மொழிபெயர்க்கப்பட்டன. ஆயினும் நாளெல்லாம் உழைத்துவிட்டு இரவில் நோயாளியுடன் விழித்திருக்கும் ஒருவருக்கு, அதுவும் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவருக்கு, தடித்த நூல் எவ்வளவு தூரம் பயன்படும் என்ற கேள்வி எழுந்தது.

அமெரிக்க அரசு 1990களின் தொடக்கத்தில் மாநிலங்களுக்கு அல்சைமர் முன்மாதிரித் திட்ட நிதி வழங்கத் தொடங்கியது. அதன் துணையோடு லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் 'எல் போர்த்தால்' என்ற திட்டம் உருவானது. 'போர்த்தால்' என்றால் நுழைவாயில். அல்சைமர் அமைப்பும் லத்தீன் மக்களிடையே ஏற்கெனவே பணியாற்றிவந்த சமூக அமைப்புகளும் இதில் கைகோத்தன. ஸ்பானிய மொழி உதவித் தொலைபேசி, பகல்நேரப் பராமரிப்பு, போக்குவரத்து வசதி, சட்ட ஆலோசனை, ஆதரவுக் குழுக்கள், பராமரிப்புப் பாடங்கள் ஆகியவை ஒரே கூரையின்கீழ் கிடைத்தன. மக்கள் நம்பும் இடத்தில், மக்கள் நம்பும் ஆள்களைக் கொண்டு சொன்னால்தான் செய்தி உள்ளே இறங்கும் என்பதே இத்திட்டம் தந்த பாடம்.

'புரொமொத்தோரா' என்று அழைக்கப்படும் ஊர் நலப் பணியாளரும் இம்முறையில் முக்கியமானவர். அவர் மருத்துவரோ செவிலியரோ அல்லர். அதே தெருவில், அதே மொழியில் வாழும் பெண்மணி. பயிற்சி பெற்று வீடு வீடாகச் சென்று நலச் செய்திகளை எடுத்துச் சொல்பவர். லத்தீன் அமெரிக்காவில் நெடுங்காலமாக உள்ள இந்த ஏற்பாடு, அமெரிக்க ஐக்கிய நாட்டின் ஸ்பானிய மொழிப் பகுதிகளிலும் பரவியது.

ரீச் ஆய்வு

வீட்டுப் பராமரிப்பாளருக்குப் பயிற்சி தருவதால் உண்மையில் பயன் உண்டா? இக்கேள்விக்கு விடை காண அமெரிக்க தேசிய நல ஆய்வு நிறுவனங்களின் ஆதரவில் 1995ஆம் ஆண்டு 'ரீச்' என்ற பெரும் ஆய்வு தொடங்கியது. அதன் இரண்டாம் கட்டம் பர்மிங்ஹாம், மெம்பிஸ், மயாமி, பாலோ ஆல்ட்டோ, பிலடெல்பியா ஆகிய 5 இடங்களில் நடைபெற்றது. ஹிஸ்பானியர், வெள்ளையர், கறுப்பினத்தார் ஆகிய மூன்று மக்கட்பிரிவுகளைச் சேர்ந்த 642 பராமரிப்பாளர்கள் இதில் பங்கேற்றனர். ஒவ்வொரு பிரிவிலும் முடிவுகளைத் தனித்தனியே ஆராயும் வகையில் ஆய்வு திட்டமிடப்பட்டிருந்தது.

பயிற்சி பெற்றவர்களுக்கு 6 மாதங்களில் 12 அமர்வுகள் நடத்தப்பட்டன. 9 வீட்டில், 3 தொலைபேசியில். தொலைபேசி வழியான ஆதரவுக் குழுக்களும் இருந்தன. 2006ஆம் ஆண்டு வெளியான முடிவுகளின்படி, ஹிஸ்பானியர், வெள்ளையர் ஆகிய இரு பிரிவினரிடமும் வாழ்க்கைத் தரம் குறிப்பிடத்தக்க அளவு மேம்பட்டது. கறுப்பினத்தாரில் கணவனை அல்லது மனைவியைப் பார்த்துக்கொண்டவர்களிடம் அம்மேம்பாடு தெரிந்தது. மொத்தத்தில் பயிற்சி பெறாத குழுவில் 22.7 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு நோய் இருந்தபோது, பயிற்சி பெற்றவர்களில் அது 12.6 விழுக்காடாக இருந்தது.

இந்த ஆய்வு, கற்பித்தால் பயன் உண்டு என்று நிறுவியது. கூடவே ஒரு நடைமுறைத் தடையையும் காட்டியது. இருமொழி அறிந்த பயிற்சியாளர் ஒருவர் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒன்பது முறை செல்வதற்குப் பெரும் செலவும் ஆள்பலமும் வேண்டும். அதே பாடத்தைக் குறைந்த செலவில் பல லட்சம் வீடுகளுக்குக் கொண்டு செல்வது எப்படி? இக்கேள்விக்கான விடை மருத்துவத் துறைக்கு வெளியே, லத்தீன் அமெரிக்கத் தொலைக்காட்சியில் காத்திருந்தது.

கதை வழிக் கல்வி மரபு

1969 முதல் 1971 வரை பெரு நாட்டில் 'சிம்ப்ளமெந்தே மரியா' என்ற தொலைக்காட்சி நெடுந்தொடர் ஒளிபரப்பானது. நாட்டுப்புறத்திலிருந்து தலைநகருக்கு வந்து வீட்டு வேலை செய்யும் ஒரு பெண், இரவுப் பள்ளியில் எழுத்தறிவு பெற்று, தையல் கற்று, வாழ்வில் உயர்வதே கதை. அத்தொடர் பரவிய நாடுகளில் பணிப்பெண்கள் எழுத்தறிவு வகுப்புகளில் சேர்ந்தனர்; தையல் இயந்திர விற்பனையும் பெருகியது. கற்பிக்க வேண்டும் என்ற திட்டம் இல்லாமலே ஒரு கதை மக்களைக் கற்க வைத்தது.

இதைக் கூர்ந்து கவனித்தவர் மெக்சிகோவின் தொலைக்காட்சிப் படைப்பாளர் மிகேல் சபிதோ. அவர் இந்த விளைவைத் திட்டமிட்டு உருவாக்க முனைந்தார். நல்லதைச் செய்யும் பாத்திரம், தீயதைச் செய்யும் பாத்திரம், இரண்டுக்கும் நடுவே தடுமாறி மெல்ல மாறும் பாத்திரம் என மூவகைப் பாத்திரங்களை அமைத்தார். பார்வையாளர் தம்மை அடையாளம் காண்பது மூன்றாமவரிடமே. பிறரைப் பார்த்துக் கற்கிறோம் என்ற உளவியலாளர் ஆல்பர்ட் பந்துராவின் கோட்பாடு இதற்கு அடிப்படையாயிற்று. 1975-76இல் வந்த அவருடைய 'வென் கொன்மீகோ' தொடர் முதியோர் கல்வியை மையமாகக் கொண்டது. அது ஒளிபரப்பான காலத்தில் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுத்தறிவு வகுப்புகளில் பதிவு செய்துகொண்டனர். பாட நூல்கள் கிடைக்கும் இடத்தைத் தொடரில் காட்டியதும் மெக்சிகோ நகரில் போக்குவரத்தே நிலைகுலையும் அளவுக்குக் கூட்டம் திரண்டது.

சபிதோவின் முறை இந்தியாவுக்கும் வந்தது. 1984 ஜூலையில் தூர்தர்ஷனில் தொடங்கிய 'ஹம் லோக்' தொடர் இம்முறையால் தூண்டப்பெற்றது. ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் நடிகர் அசோக் குமார் தோன்றிக் கருத்துரை வழங்கியதைப் பழைய நேயர்கள் நினைவில் வைத்திருப்பர். அந்த முடிவுரையும் மெக்சிகோத் தொடர்களில் கையாளப்பட்ட உத்தியே.

புகைப்படக் கதை நூல்

தொலைக்காட்சிக்கு முன்பே மக்களிடம் பரவியிருந்த மற்றொரு வடிவம் 'ஃபோட்டோநோவெலா'. நடிகர்களைக் கொண்டு எடுத்த புகைப்படங்களை வரிசையாக அடுக்கி, பேச்சுக் குமிழிகளில் உரையாடலை எழுதிய படக்கதை நூல் இது. இத்தாலியில் இரண்டாம் உலகப் போருக்குப் பின் தோன்றி, மெக்சிகோ முதல் அர்ஜென்டினா வரை பெரும் வாசகர் கூட்டத்தைப் பெற்றது. அதிகம் படிக்காதவரும் படத்தைப் பார்த்தே கதையைப் பின்தொடரலாம் என்பதால் நலக் கல்விக்கும் இது ஏற்றதாயிற்று.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக உளவியலாளர் டொலோரஸ் காலகர்-தாம்சன் தலைமையிலான குழு, மறதிநோய்ப் பராமரிப்புக்கென ஒரு ஃபோட்டோநோவெலாவை உருவாக்கியது. ஒன்றுபட்டால் முடியும், மறதியைக் குடும்பமாக எதிர்கொள்வோம் என்பது அதன் மையக் கருத்து. கடினமான நடத்தைகளைக் கையாள்வது, மன அழுத்தத்தைத் தணித்துக்கொள்வது, குடும்பத்தாரிடம் எப்போது, எப்படி உதவி கேட்பது என்பன கதையினூடே காட்டப்பட்டன.

147 பராமரிப்பாளர்கள் பங்கேற்ற ஆய்வில் சிலருக்கு இந்நூலும், சிலருக்கு வழக்கமான தகவல் பிரசுரமும் தரப்பட்டன. 2015ஆம் ஆண்டு வெளியான முடிவின்படி, புகைப்படக் கதையைப் பெற்றவர்களிடம் மனச்சோர்வு அறிகுறிகள் கூடுதலாகக் குறைந்தன. அவர்கள் அந்நூலை அடிக்கடி எடுத்துப் பார்த்ததாகவும், பயனுள்ளதாகக் கருதியதாகவும் தெரிந்தது. ஆனால் நோயாளியின் நடத்தையால் உண்டாகும் மன அழுத்தம் இரு குழுவிலும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் குறைந்தது. கதை எல்லாவற்றையும் தீர்த்துவிடவில்லை. 'இந்தத் துன்பம் எனக்கு மட்டும் வந்ததன்று' என்று ஒருவருக்கு உணர்த்தும் ஆற்றல் அதற்கு உண்டு என்பதை இம்முடிவிலிருந்து ஊகிக்கலாம்.

அச்சிலிருந்து அசையும் படத்துக்கு

2005ஆம் ஆண்டு யூடியூப் தொடங்கப்பட்டதும், அதையடுத்துத் திறன்பேசி எளிய குடும்பங்களின் கைக்கும் வந்ததும் நிலைமையை மாற்றின. கணினி இல்லாத வீட்டிலும் கைப்பேசி இருந்தது. நள்ளிரவில் நோயாளி உறங்கிய பிறகு ஐந்து நிமிடக் காணொளி ஒன்றைப் பார்ப்பது வகுப்புக்குச் செல்வதைவிட எளிதாயிற்று.

காணொளிகள் இரு வகையாக வளர்ந்தன. முதல் வகை கதைத் தொடர்கள். லாஸ் ஏஞ்சலிஸ் அல்சைமர் அமைப்பு, 'இழந்த நினைவுகள்' என்று பொருள்படும் தலைப்பில் ஸ்பானிய மொழி இணையத் தொடர் ஒன்றை ஆங்கில வசன வரிகளுடன் வெளியிட்டது. ஸ்டான்ஃபோர்டு குழுவினரோடு தொடர்புடைய ஆய்வாளர்கள் 'வெப்நோவெலா மிரேலா' என்ற தொடரை உருவாக்கினர். அதைப் பார்த்த பராமரிப்பாளர்களிடம் மன அழுத்தமும் மனச்சோர்வும் குறைந்ததாக 2018இல் வெளியான ஒரு சிறு ஆய்வு கூறுகிறது.

இரண்டாம் வகை செய்முறைக் காணொளிகள். 2012ஆம் ஆண்டு அமெரிக்க ஓய்வுபெற்றோர் சங்கமான ஏஏஆர்பியும் நியூயார்க்கின் ஐக்கிய மருத்துவமனை நிதியமும் ஓர் அறிக்கை வெளியிட்டன. மருந்து கொடுத்தல், காயத்துக்குக் கட்டுப் போடுதல் போன்ற செவிலியர் வேலைகளையே குடும்பத்தார் போதிய பயிற்சியின்றிச் செய்துவருவதை அது வெளிச்சமிட்டுக் காட்டியது. அதன் தொடர்ச்சியாகக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகச் செவிலியர் பள்ளி உள்ளிட்ட அமைப்புகள் இணைந்து, மருந்து மேலாண்மை, நடமாட்டத்துக்கு உதவுதல், சிறுநீர் அடக்க இயலாமை முதலிய தலைப்புகளில் காணொளிகளை ஆங்கிலத்திலும் ஸ்பானிய மொழியிலும் வழங்கின. 1977ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கப்பட்ட குடும்பப் பராமரிப்பாளர் கூட்டமைப்பும் இப்பணியில் பங்குகொண்டது.

காணொளி எதைக் கற்பிக்கிறது

ஒரு துண்டுப் பிரசுரம் 'அமைதியான குரலில் பேசுங்கள்' என்று சொல்லும். அமைதியான குரல் எப்படி இருக்கும் என்பதை அதனால் காட்ட முடியாது. காணொளியின் தனிப்பலம் இதுவே. குரலின் ஏற்ற இறக்கம், முகபாவம், நிற்கும் இடம், கையை நீட்டும் விதம் ஆகியவை கண்ணால் கண்டு கற்க வேண்டியவை.

குளிக்க வைப்பதை எடுத்துக்கொள்ளலாம். மறதிநோயாளிக்குக் குளியலறை அச்சம் தரும் இடமாகலாம். தண்ணீர் கொட்டும் ஓசை, குளிர், தம் ஆடையை யாரோ களைகிறார் என்ற கூச்சம் ஆகிய மூன்றும் ஒன்றுசேர அவர் கையை ஓங்குவார். நல்ல பயிற்சி இதற்குச் சில வழிகளைத் தருகிறது. அறையை முன்பே வெதுவெதுப்பாக்குவது, துண்டால் உடலைப் போர்த்தியபடி பகுதி பகுதியாகக் கழுவுவது, ஒரு நேரத்தில் ஒரு சிறு வேலையை மட்டும் சொல்வது, மறுத்தால் விட்டுவிட்டு அரை மணி கழித்து மறுபடி அழைப்பது ஆகியவை அவற்றுள் சில. தாயை மகன் குளிப்பாட்ட நேர்கையில் எழும் சங்கடத்தையும் பேசாமல் விட முடியாது. பெற்றோரிடம் காட்டும் மரியாதை மிகுந்த சமூகத்தில் அது சிறிய விஷயம் அன்று.

மற்றொரு பாடம், வாதாடாமை. இறந்துபோன தன் தாயைத் தேடும் மூதாட்டியிடம் 'அவர் செத்து முப்பது வருடமாயிற்று' என்று சொன்னால், அந்த இழவை அவர் அன்றைக்குப் புதிதாகக் கேட்கிறார். அதற்குப் பதில் 'அம்மா நினைவு வந்துவிட்டதா? அவர் என்ன சமைப்பார்?' என்று கேட்டு அவர் மனநிலையோடு இசைந்து செல்லும்படி காணொளிகள் கற்பிக்கின்றன. ஒரு நடத்தைக்கு முன் என்ன நடந்தது, பின் என்ன நடந்தது என்று குறித்து வைத்துக் காரணத்தைக் கண்டுபிடிப்பது மூன்றாவது பாடம். கத்துவது பிடிவாதமாக இருக்க வேண்டியதில்லை. பசி, மலச்சிக்கல், பல்வலி, சிறுநீர்த் தொற்று ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றாகவும் இருக்கலாம்.

இவற்றை வெறும் மொழிபெயர்ப்பால் கொண்டுசெல்ல முடியாமைக்கு மொழியும் ஒரு காரணம். ஸ்பானிய மொழியில் முன்னிலைக்கு 'தூ' என்றும் 'உஸ்தேத்' என்றும் இரு சொற்கள் உண்டு. தமிழின் 'நீ', 'நீங்கள்' போல. வயதான தந்தையிடம் எதைப் பயன்படுத்துவது என்பது நாட்டுக்கு நாடு, வீட்டுக்கு வீடு வேறுபடும். மெக்சிகோவில் இயல்பான சொல் கியூபாவில் அந்நியமாக ஒலிக்கும். தவறான விளிச்சொல் ஒன்று, 'இது நம் வீட்டுக் கதையன்று' என்று பார்ப்பவரை விலக்கிவிடப் போதும்.

பெரு, சென்னை, வேலூர்

ஸ்பானிய மொழி நாடுகளின் இந்த வரலாறு தமிழ்நாட்டோடு ஓரிடத்தில் இணைகிறது. 1998ஆம் ஆண்டு கொச்சியில் நடந்த உலக அல்சைமர் மாநாட்டையொட்டி '10/66 மறதிநோய் ஆய்வுக் குழு' பிறந்தது. மறதிநோயாளிகளில் மூன்றில் இரு பங்கு, அதாவது 66 விழுக்காட்டினர் வளரும் நாடுகளில் வாழ்கையில், மக்கள்தொகை சார்ந்த ஆய்வுகளில் 10 விழுக்காடுகூட அவர்களைப் பற்றி இல்லை என்ற குறையே பெயராயிற்று. கியூபா, டொமினிக்கன் குடியரசு, மெக்சிகோ, பெரு, வெனிசுவேலா ஆகிய ஸ்பானிய மொழி நாடுகளிலும், சென்னை, வேலூர் ஆகிய தமிழக ஊர்களிலும் இக்குழு ஒரே முறையில் ஆய்வு நடத்தியது.

இக்குழு 'பராமரிப்போருக்கு உதவி' என்ற எளிய பயிற்சியையும் வடிவமைத்தது. வீட்டு நிலையை அறிய ஓர் அமர்வு, நோயை விளக்க இரண்டு, நடத்தைச் சிக்கல்களைக் கையாள இரண்டு என மொத்தம் 5 வார அமர்வுகள். சிறப்பு மருத்துவர் இல்லாத இடத்தில் பயிற்சி பெற்ற நலப் பணியாளரே இதை நடத்தலாம். பெருவின் தலைநகர் லீமாவில் 58 பராமரிப்பாளர்களிடம் நடந்த சோதனையின் முடிவு 2011இல் வெளியானது. பயிற்சி பெற்றவர்களின் பராமரிப்புச் சுமை 6 மாதங்களுக்குப் பின் குறைந்திருந்தது. ஆயினும் மன உளைச்சல், வாழ்க்கைத் தரம் ஆகியவற்றில் இரு குழுக்களுக்கும் வேறுபாடு தெரியவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2019இல் கையேடாக வெளியிட்ட 'ஐசப்போர்ட்' பயிற்சி, 5 பகுதிகளில் 23 பாடங்களைக் கொண்டது. அதன் ஸ்பானிய மொழி வடிவமும் பின்னர் வந்தது.

ஸ்பெயினின் பங்கு

ஸ்பெயின் நாட்டில் திரைப்படம் இப்பணியைச் செய்தது. பார்சலோனாவின் மேயராகவும் பின்னர் கத்தலோனியாவின் தலைவராகவும் இருந்த பாஸ்குவால் மரகால், தமக்கு அல்சைமர் நோய் வந்திருப்பதை 2007இல் தாமே பொதுமக்களுக்கு அறிவித்தார். அவரையும் அவர் குடும்பத்தையும் பின்தொடர்ந்து கார்லெஸ் போஷ் எடுத்த ஆவணப்படம் 2010இல் வந்தது. 'சைக்கிள், கரண்டி, ஆப்பிள்' என்பது அதன் தலைப்பு. மூன்று சொற்களைச் சொல்லிச் சற்று நேரம் கழித்துத் திருப்பிச் சொல்லச் செய்யும் நினைவுப் பரிசோதனையிலிருந்து எடுத்த பெயர் அது. முதியோர் இல்லமொன்றைக் களமாகக் கொண்டு பாக்கோ ரோக்கா வரைந்த படக்கதை 2011இல் 'அர்ருகாஸ்' என்ற இயங்குபடமாயிற்று. இவை பாடக் காணொளிகள் அல்ல. ஆனால் மறைத்து வைத்திருந்த நோயைப் பற்றி வெளிப்படையாகப் பேச வைத்தன. 2006ஆம் ஆண்டின் சார்ந்திருப்போர் சட்டம், பிறரைச் சார்ந்து வாழ்வோருக்குப் பராமரிப்பு பெறும் உரிமையை அந்நாட்டில் அளித்திருந்தது என்பதும் குறிப்பிடத்தக்கது.

காணொளியின் எல்லை

காணொளி செவிலியருக்கோ ஓய்வுக்கோ ஈடாகாது. இரவெல்லாம் விழித்திருந்த மகளுக்கு வேண்டியது ஆறாவது காணொளி அன்று. ஆறு மணி நேர உறக்கம். கற்பித்துவிட்டோம் என்று சொல்லி அரசும் மருத்துவமனையும் தம் பொறுப்பைக் கைப்பேசித் திரைக்குள் தள்ளிவிடும் அபாயமும் உண்டு. மருத்துவக் காப்பீடு இல்லாதவர்கள், குடியேற்ற ஆவணங்கள் இல்லாததால் அரசு அலுவலகத்தை அணுக அஞ்சுபவர்கள், இணையம் சரிவரக் கிடைக்காத பண்ணைத் தொழிலாளர் ஆகியோருக்குக் காணொளியின் இறுதியில் காட்டப்படும் உதவி எண்கூட எட்டாக் கனியே.

2024 ஜூலையில் அமெரிக்க அரசின் மெடிக்கேர் காப்பீடு 'கைட்' என்ற புதிய மறதிநோய்ப் பராமரிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. பராமரிப்பாளருக்குப் பயிற்சியும், தகுதியுள்ளவர்களுக்கு ஆண்டுக்கு 2,500 டாலர் வரை மாற்றுப் பராமரிப்புச் செலவும் இதில் அடங்கும். பாடமும் ஓய்வும் சேர்ந்தே தரப்பட வேண்டியவை என்பதை இத்திட்டம் ஒப்புக்கொள்கிறது.

முடிவுரை

துண்டுப் பிரசுரத்திலிருந்து இணையத் தொடர் வரையிலான இப்பயணத்தில் பாடம் பெரிதாக மாறவில்லை. வாதாடாதே, அச்சுறுத்தாதே, காரணத்தைத் தேடு, உதவி கேள் என்பவை 1981ஆம் ஆண்டு நூலிலும் காணக் கிடைப்பவையே. மாறியது சொல்லும் முறை. முதலில் பாடம் தனி ஒரு பராமரிப்பாளரை நோக்கிச் சொல்லப்பட்டது. கதை வடிவம் வந்தபோது அந்த ஒருத்தியோடு, அவளைத் தனியே விட்டுவிட்ட அண்ணனும் தம்பியும்கூடத் திரையின் முன் அமர்ந்தனர். தம்மைப் போன்ற ஓர் அண்ணன் கதையில் தடுமாறி, பின்பு ஞாயிற்றுக்கிழமைகளில் தாயைப் பார்த்துக்கொள்ள முன்வருவதைக் காணும் ஒருவர், அறிவுரை சொன்னால் எழுந்து போயிருக்கக்கூடும். பராமரிப்பைக் கற்பிப்பது என்பது நோயாளியைக் கையாளக் கற்பிப்பது மட்டுமன்று, சுமையைப் பகிர்ந்துகொள்ளக் குடும்பத்துக்குக் கற்பிப்பதுமாகும் என்பதே ஸ்பானிய மொழிக் காணொளிகளின் வரலாறு தரும் செய்தி.